கரைத்துக் காக்கும் நொதி

தலைப்பிரட்டையின் வால் அறுந்து விழுவதில்லை. பல்லி வாலைப்போலத் துண்டாகித் துடிப்பதும் இல்லை. தைராய்டு ஹார்மோன் இரத்தத்தில் ஏறியதும் அந்த நீண்ட வால் உள்ளிருந்தே கரையத் தொடங்குகிறது. தோல், தசை, நரம்பு, இரத்தக்குழாய் எல்லாம் சில நாட்களுக்குள் கரைந்து உடம்போடு சேர்ந்துவிடுகின்றன. உருமாறும் அந்த நாட்களில் தலைப்பிரட்டை இரை எடுப்பதில்லை. கரைந்த வாலின் சத்துதான் அதைத் தாங்குகிறது.

குளக்கரையில் வளர்ந்த பிள்ளைகள் பார்த்துப் பழகிய காட்சிதான். ஆனால் 1950-களின் உயிர்வேதியியலுக்கு அது விடை தெரியாத கேள்வி. வாலுக்கு உறுதி தருவது கொலாஜன் என்ற நார்ப்புரதம். நம் தோல், எலும்பு, தசைநாண், குருத்தெலும்பு, இரத்தக்குழாயின் சுவர் எல்லாம் அதை நம்பியே நிற்கின்றன. பாலூட்டிகளின் உடம்பிலுள்ள மொத்தப் புரதத்தில் ஏறக்குறைய முப்பது விழுக்காடு அதுதான். மற்றப் புரதங்களை எளிதில் சிதைக்கும் டிரிப்சின் போன்ற செரிமான நொதிகளாலும் அதன் முறுக்கைக் கலைக்க முடிவதில்லை. கொலாஜனை வெட்டும் நொதி சில பாக்டீரியாக்களிடம் இருப்பது தெரிந்திருந்தது. விலங்குகளின் உடம்பில், உடம்பின் இயல்பான அமில காரச் சமநிலையில் வேலை செய்யும் அப்படியொரு நொதிக்குச் சான்று கிடைக்கவில்லை. ஆனால் அது இருந்தே ஆக வேண்டும். இல்லையென்றால் அந்த வால் எப்படிக் கரையும்?

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் இருந்த ஜெரோம் க்ரோஸ் இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தார். பெல்ஜியத்திலிருந்து வந்த சார்ல்ஸ் லாப்பியேர் அவரோடு சேர்ந்துகொண்டார். திசுவை அரைத்துச் சாறெடுத்து, அந்தச் சாற்றில் நொதியைத் தேடுவதே அன்றைய வழக்கம். இவர்கள் திசுவை உயிரோடு வைத்துத் தேடினார்கள்.

கொலாஜனைக் குளிர்ந்த உப்பு நீரில் கரைத்தால் தெளிந்த திரவமாக இருக்கும். அதை உடம்பின் வெப்பத்துக்குக் கொண்டுவந்தால் நார்கள் தாமாகவே கூடி, பால் நிறத்தில் உறைந்துவிடும். அப்படி உறைந்த படலத்தின் மேல் தலைப்பிரட்டையின் வால் தோலைச் சிறு துண்டுகளாக்கி வைத்தார்கள். ஊட்டத் திரவம் சேர்த்து 37 டிகிரி வெப்பத்தில் காத்திருந்தார்கள். துண்டுகளைச் சுற்றிப் பால் நிறம் மறைந்தது. ஒவ்வொரு துண்டைச் சுற்றியும் கண்ணாடிபோலத் தெளிந்த வளையம் விழுந்தது. உயிரற்ற துண்டுகளைச் சுற்றி அந்த வளையம் விழவில்லை. 1962-இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் ஆய்விதழில் இந்த முடிவு வெளியானது. விலங்கின் உடம்பில் கொலாஜனை வெட்டும் கொலாஜனேஸ் நொதி முதன்முதலாக அகப்பட்டது இப்படித்தான்.

அரைத்த சாற்றில் அது ஏன் சிக்கவில்லை என்பதும் விளங்கியது. செல்கள் இந்த நொதியைத் தயாரித்துச் சேமித்து வைப்பதில்லை. தேவை வரும்போது செய்து உடனே வெளியே விடுகின்றன. வேளை பார்த்து, அளவு பார்த்து மட்டும் வெளிவருவது இதன் பிறவிக் குணம். அந்தக் கட்டுப்பாடு இருக்கும்வரை நமக்கு நலம், அது தளரும்போது நோய் என்பதைப் புரிந்துகொள்ள மருத்துவத்துக்கு அடுத்த அறுபது ஆண்டுகள் தேவைப்பட்டன.

சென்னையில் தெளிந்த முறுக்கு

நொதி எதை வெட்டுகிறது என்று தெரியாமல் அது வெட்டும் விதத்தைப் புரிந்துகொள்ள முடியாது. அந்த அறிவு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே சென்னையில் உருவாகிவிட்டது.

1952-இல் ஜி. என். ராமச்சந்திரன் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைக்குத் தலைவராக வந்தார். துணைவேந்தர் ஏ. லட்சுமணசுவாமி முதலியார் அவரை அழைத்து வந்திருந்தார். சென்னைக்கு வருகை தந்த பிரிட்டிஷ் அறிவியலாளர் ஜே. டி. பெர்னால், கொலாஜனின் வடிவம் இன்னும் யாருக்கும் பிடிபடவில்லை என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார். ராமச்சந்திரன் அதைப் பிடித்துக்கொண்டார். கங்காரு வாலின் தசைநாணிலிருந்து எடுத்த கொலாஜன் அவருடைய ஆய்வுக்கு உதவியது. கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து எக்ஸ் கதிர்ப் படங்களை ஆராய்ந்து, 1954-லும் 1955-லும் 'நேச்சர்' இதழில் அதன் அமைப்பை வெளியிட்டார்.

தேங்காய் நாரில் மூன்று புரி சேர்த்துத் திரித்த கயிறுபோல, மூன்று புரதச் சங்கிலிகள் ஒன்றையொன்று சுற்றி முறுக்கேறி நிற்பதே கொலாஜன் என்று அவர்கள் காட்டினார்கள். ஒவ்வொரு சங்கிலியிலும் மூன்றுக்கு ஒன்று கிளைசின். அமினோ அமிலங்களிலேயே மிகச் சிறியது அதுதான். மூன்று சங்கிலிகளும் நெருங்கும் நடு அச்சில் வேறு எதற்கும் இடமில்லை. ஒரு சங்கிலியில் சுமார் ஆயிரம் அமினோ அமிலங்கள் உண்டு. மூன்றும் சேர்ந்த மூலக்கூறு 300 நானோமீட்டர் நீளமும் ஒன்றரை நானோமீட்டர் தடிமனும் கொண்டது. நுண்ணோவியம்போல நெருக்கமான இந்த முறுக்குக்குள் சாதாரண நொதிகள் நுழைய முடிவதில்லை. நம் தோலும் எலும்பும் பல்லாண்டுகள் நிலைப்பதற்கும் அதுவே காரணம்.

ஒரே ஒரு வெட்டு

1965-இல் க்ரோஸும், ஜப்பானிலிருந்து வந்த யுதாகா நாகாயும் தலைப்பிரட்டையின் நொதி கொலாஜனை எங்கே வெட்டுகிறது என்று பார்த்தார்கள். பாக்டீரியாவின் நொதி அதைப் பல இடங்களில் கொத்திச் சிறு துணுக்குகளாக்கும். தலைப்பிரட்டையின் நொதியோ மூன்று சங்கிலிகளையும் ஒரே ஓர் இடத்தில் மட்டும் வெட்டியது. முக்கால் பங்கு ஒரு பக்கமும் கால் பங்கு மறுபக்கமுமாக மூலக்கூறு இரண்டானது. தோலிலும் எலும்பிலும் உள்ள முதல் வகைக் கொலாஜனின் முக்கியச் சங்கிலியில் 775-ஆவது கிளைசினுக்கும் அதையடுத்த ஐசோலூசினுக்கும் இடையில்தான் வெட்டு விழுகிறது.

மிச்ச வேலையை உடம்பின் வெப்பமே செய்துவிடுகிறது. முழு மூலக்கூறு 37 டிகிரியில் கட்டுக்குலையாமல் இருக்கும். துண்டான பகுதிகளால் அந்த வெப்பத்தைத் தாங்க முடியாது. முறுக்கு அவிழ்ந்து அவை ஜெலாட்டினாகிவிடும். ஜெலாட்டினைத் தின்ன வேறு நொதிகள் உடம்பில் ஏராளம். ஆக, முதல் வெட்டுக்குத்தான் அனுமதி தேவை. அது விழுந்துவிட்டால் அந்த மூலக்கூறை மறுபடி ஒட்டவைக்க வழியில்லை.

ஒரு சிக்கல் மட்டும் பாக்கியிருந்தது. நொதியின் வாயில் துத்தநாக அணு ஒன்று இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள பிளவின் அகலம் ஏறத்தாழ அரை நானோமீட்டர்தான். ஒன்றரை நானோமீட்டர் தடிமனுள்ள கொலாஜன் அதற்குள் எப்படி நுழையும்? 2004-இல் லண்டனில் ஹிடேயாகி நாகாசேயின் குழு பதில் சொன்னது. நொதி கொலாஜனின் மேல் படிந்து, வெட்டும் இடத்தில் மட்டும் முறுக்கை உள்ளூரத் தளர்த்துகிறது. பிரிந்து வரும் சங்கிலிகளை ஒவ்வொன்றாக வாய்க்குள் இழுத்து வெட்டுகிறது. ராமச்சந்திரன் கண்ட முறுக்கு எவ்வளவு வலிமையானது என்பதற்கு, அதை அவிழ்க்க நொதி படும் இந்தப் பாடே சாட்சி.

மூட்டுக்குள் நுழைந்தபோது

அதே பாஸ்டன் மருத்துவமனையில் ஸ்டீபன் கிரேன் மூட்டு நோயாளிகளைப் பார்த்துவந்தார். முடக்குவாதத்தில் மூட்டின் உட்சவ்வு வீங்கித் தடித்து, குருத்தெலும்பின் மேல் படர்ந்து, படரும் ஓரத்தில் அதை அரித்துக்கொண்டே போகும். ஜான் எவன்சன், ஜான் ஜெஃப்ரி இருவருடனும் சேர்ந்து, நோயாளிகளிடமிருந்து எடுத்த மூட்டுச் சவ்வை க்ரோஸின் முறையிலேயே உயிரோடு வளர்த்தார் கிரேன். அது கொலாஜனேஸைச் சுரந்தது. 1967-இல் 'சயின்ஸ்' இதழில் வந்த அந்தக் கட்டுரையோடு, தலைப்பிரட்டையின் வாலில் அறிமுகமான நொதி மனித நோய் ஒன்றின் நடுவில் வந்து நின்றது.

மூட்டில் நேரும் இழப்பு ஏன் இவ்வளவு கொடியது என்பதற்கு நெதர்லாந்தில் 2000-இல் போட்ட ஒரு கணக்கு உண்டு. தோலிலுள்ள கொலாஜனில் பாதி புதுப்பிக்கப்பட ஏறத்தாழ 15 ஆண்டுகள் ஆகின்றன. குருத்தெலும்பின் கொலாஜனுக்கோ 117 ஆண்டுகள். பிள்ளைப் பருவத்தில் கிடைத்த குருத்தெலும்பைக் கொண்டே ஒருவர் வாழ்நாள் முழுவதும் நடக்கிறார். சில மாதங்களில் நொதி கரைத்துவிட்டதைத் திரும்பக் கட்ட நமக்கு ஆயுள் போதாது. விரல்கள் கோணி, தண்ணீர்ச் செம்பைத் தூக்கவும் வலிக்கும் ஒருவருக்கு இந்த எண் புள்ளிவிவரம் அல்ல, தன் வாழ்க்கை.

நொதி தன்னிச்சையாகப் பெருகவில்லை என்பதும் பிறகு தெரிந்தது. வீக்கத்தின்போது வெள்ளணுக்கள் விடும் இன்டர்லூகின்-1, டி.என்.எஃப். போன்ற தகவல் புரதங்கள்தான் மூட்டுச் செல்களை நொதி செய்யத் தூண்டுகின்றன. 1990-களின் இறுதியில் டி.என்.எஃப்.-ஐத் தடுக்கும் மருந்துகள் முடக்குவாதத்துக்கு வந்தபோது பலருடைய மூட்டுச் சிதைவு மட்டுப்பட்டது. நொதியைத் தொடாமல் அதற்குப் போகும் ஆணையை நிறுத்தியதால் கிடைத்த வெற்றி அது.

உடம்பு போட்ட கட்டுக்காவல்

இவ்வளவு ஆபத்தான ஒன்றை உடம்பு ஏன் வைத்திருக்கிறது? அது இல்லாமல் நாம் பிறக்கவே முடியாது என்பதால்தான். பிரசவம் நெருங்கும்போது கருப்பை வாயின் கொலாஜன் கரைந்து இளகினால்தான் குழந்தை வெளியே வர முடியும். பிரசவம் முடிந்ததும் ஒரு கிலோ எடையுள்ள கருப்பை ஆறு வாரங்களில் அறுபது கிராம் அளவுக்குச் சுருங்குகிறது. அந்தச் சுருக்கம், கட்டிய திசுவை உடம்பே கரைத்து எடுத்துக்கொள்வதன் விளைவு. மாதவிடாயில் கருப்பையின் உட்படலம் கழல்வதிலும் இந்த நொதிகளுக்குப் பங்கு உண்டு. கை அறுபட்டால், காயத்தின் ஓரத்திலுள்ள தோல் செல்கள் கொலாஜனைத் தொட்ட உடனே இந்த நொதியைச் சுரந்து, பாதை வெட்டிக்கொண்டு காயத்தின் மேல் நகர்கின்றன. காயம் மூடுவது அதனால்தான்.

இதனால் கட்டுக்காவலும் பலமாக இருக்கிறது. நொதி செயலற்ற வடிவில்தான் பிறக்கிறது என்று க்ரோஸின் குழு 1971-இல் தலைப்பிரட்டையிலேயே கண்டது. நொதியின் முன்பகுதியில் உள்ள சிஸ்டீன் துத்தநாகத்தைப் பற்றிக்கொண்டு வாயை அடைத்து வைத்திருக்கிறது என்பது 1990-இல் தெளிவானது. அந்த முன்பகுதி கழன்றால்தான் வெட்டும் வேலை தொடங்கும். தொடங்கிய பிறகும், டிம்ப் என்ற நான்கு தடுப்புப் புரதங்கள் திசுக்களில் காத்திருந்து, நொதியின் வாய்க்குள் புகுந்து அதை நிறுத்திவிடுகின்றன.

இதற்குள் கொலாஜனேஸுக்குப் பெரிய குடும்பம் உண்டு என்பதும் வெளிப்பட்டிருந்தது. மேட்ரிக்ஸ் மெட்டலோபுரோட்டினேஸ்கள், சுருக்கமாக எம்.எம்.பி.கள். மனிதரிடம் அவை 23. முடக்குவாத மூட்டில் முதலில் கண்டது எம்.எம்.பி-1. குருத்தெலும்பை அதிகமாகச் சிதைப்பது எம்.எம்.பி-13. சிகரெட் புகையால் நுரையீரலின் மீள்நார்கள் கரைவதில் எம்.எம்.பி-12-க்குப் பங்கு உண்டு. அந்த நொதி இல்லாத எலிகளைப் புகையில் வைத்தபோது அவற்றுக்கு எம்ஃபிசீமா என்ற நுரையீரல் நோய் வரவில்லை என்று 1997-இல் காட்டினார்கள். மாரடைப்பிலும் இவை தலையிடுகின்றன. இதயக் குழாயில் படிந்த கொழுப்பின் மேல் கொலாஜன் மூடி ஒன்று இருக்கும். மூடியின் ஓரத்தில் கூடும் வெள்ளணுக்கள் எம்.எம்.பி.களைச் சுரந்து அதை மெலியவைக்கின்றன. மூடி கிழிந்தால் இரத்தம் உறைந்து குழாய் அடைபடும். பாஸ்டனில் பீட்டர் லிபியின் குழு 1994-இல் மனிதக் குழாய்களிலேயே இந்த நொதிகளைக் கண்டது.

ஒரே குடும்பம் நுரையீரலிலும் மூட்டிலும் இதயக் குழாயிலும் இவ்வளவு சேதம் செய்யும்போது, அதை மொத்தமாக அடக்கினால் என்ன என்ற எண்ணம் எழுவது இயல்புதானே?

புற்றுநோய்ப் பந்தயம்

அந்த எண்ணத்துக்கு உந்துதல் தந்தது புற்றுநோய். கட்டி இருந்த இடத்தில் இருக்கும்வரை அறுவை மருத்துவம் அதை வெல்லலாம். அது பரவும்போதுதான் உயிருக்கு ஆபத்து. பரவ வேண்டுமானால் திசுக்களுக்கும் இரத்தக்குழாய்களுக்கும் அடியில் விரித்திருக்கும் அடித்தள மென்படலத்தைத் துளைத்தாக வேண்டும். அதன் ஆதாரம் நான்காம் வகைக் கொலாஜன். 1980-இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் லான்ஸ் லியோட்டா, அதிகம் பரவும் கட்டிகள் இந்தக் கொலாஜனையும் அதிகம் சிதைக்கின்றன என்று காட்டினார். நொதியைத் தடுத்தால் பரவலைத் தடுக்கலாம் என்ற நம்பிக்கை பிறந்தது.

மருந்து செய்வதும் எளிதாகத் தோன்றியது. துத்தநாகத்தைப் பற்றிக்கொள்ளும் சிறு மூலக்கூறு கிடைத்தால் நொதியின் வாய் அடைபடும். ஆக்ஸ்ஃபோர்டின் பிரிட்டிஷ் பயோடெக் நிறுவனம் முதலில் பாட்டிமாஸ்டாட்டையும், பிறகு வாய்வழி சாப்பிடக்கூடிய மாரிமாஸ்டாட்டையும் உருவாக்கியது. மற்றப் பெரிய நிறுவனங்களும் போட்டியில் இறங்கின. எலிகளில் கட்டிகள் கட்டுப்பட்டன. உலகெங்கும் ஆயிரக்கணக்கான நோயாளிகள் சோதனைகளில் சேர்ந்தார்கள்.

முதலில் எச்சரித்தது நோயாளிகளின் கைகள். மாரிமாஸ்டாட் சாப்பிட்டவர்களுக்கு விரல் மூட்டுகளில் வலியும் இறுக்கமும் தொடங்கி, முழங்கைக்கும் தோளுக்கும் ஏறின. அளவு கூடக்கூட வலியும் கூடியது. நிறுத்தினால் தணிந்தது. அன்றாடம் தசைநாணையும் மூட்டுறையையும் புதுப்பித்துக்கொண்டிருந்த நல்ல நொதிகளும் சேர்த்து அடக்கப்பட்டதன் அடையாளமாகவே அது தெரிந்தது.

பிறகு முடிவுகள் வந்தன. அறுவை செய்ய முடியாத கணையப் புற்றுநோயாளிகள் 414 பேரிடம் மாரிமாஸ்டாட்டை வழக்கமான மருந்தான ஜெம்சிடபைனோடு ஒப்பிட்ட சோதனையின் முடிவு 2001-இல் வெளியானது. மாரிமாஸ்டாட்டின் உச்ச அளவில் இடைநிலை ஆயுள் 125 நாட்கள், ஜெம்சிடபைனில் 167 நாட்கள். பேயர் நிறுவனத்தின் டானோமாஸ்டாட் இன்னும் மோசம். சிறுசெல் நுரையீரல் புற்றுநோயில் வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களைவிட மருந்து சாப்பிட்டவர்களின் நிலை மோசமானதால் 1999-இல் சோதனையே நிறுத்தப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் இந்த வரிசை மருந்துகள் எதுவும் புற்றுநோய்க்கு அனுமதி பெறாமலேயே போயின.

வெறும் மருந்துத் தோல்வியாக இதைக் கடந்துபோக முடியாது. நாட்களை எண்ணிக்கொண்டிருந்த மனிதர்கள் கடைசி நம்பிக்கையோடு அந்த மாத்திரைகளை விழுங்கினார்கள். அவர்கள் தந்த பாடத்தைச் சரியாகக் கற்பது நம் கடன்.

கற்றவர்களும் உண்டு. மருந்து எலிகளுக்குக் கட்டி முளைக்கும்போதே கொடுக்கப்பட்டது, மனிதர்களுக்கோ நோய் முற்றிப் பரவிய பிறகு. இது முதல் பிழை. நொதிகள் எல்லாம் எதிரிகள் என்று எண்ணியது அதைவிடப் பெரிய பிழை. ஸ்பெயினின் ஒவியேதோ பல்கலைக்கழகத்தில் கார்லோஸ் லோபெஸ்-ஓட்டின் மார்பகக் கட்டி ஒன்றிலிருந்து எம்.எம்.பி-13-ஐ முதலில் பிரித்தவர். 2003-இல் அவருடைய குழுவே எம்.எம்.பி-8 இல்லாத எலிகளை வளர்த்துப் பார்த்தது. ஆண் எலிகளுக்குத் தோல் கட்டிகள் குறையவில்லை, கூடின. வெள்ளணுக்களின் அந்த நொதி உடம்பைப் புற்றுநோயிலிருந்து காத்துவந்தது. எல்லாவற்றையும் அடைத்த மருந்து இந்தக் காவலாளியையும் அடைத்திருந்தது.

2001-இல் வேறொரு திசையிலிருந்தும் அதே செய்தி வந்தது. கை, கால் எலும்புகள் சிறுவயதிலேயே அரித்துக் கரையும் அரிய பரம்பரை நோய் சவூதி அரேபியக் குடும்பங்கள் சிலவற்றில் இருந்தது. கரைக்கும் நொதி மிகுந்திருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். மரபணுவைத் தேடிப் போனவர்கள் கண்டது நேர்மாறு. அந்தப் பிள்ளைகளிடம் எம்.எம்.பி-2 செயல்படவே இல்லை. கரைக்கும் நொதி இல்லாததாலேயே எலும்பு கரைந்தது. கரைப்பதும் கட்டுவதும் ஒரே வேலையின் இரு பாதிகள் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நோய் அபூர்வம்.

ஒரே பல்கலைக்கழகம், இரு திசைகள்

பெரிய பந்தயம் தோற்ற அதே காலத்தில், சிறிய இலக்கோடு புறப்பட்ட இரண்டு முயற்சிகள் கரையேறின. இரண்டும் நியூயார்க் மாநிலத்தின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தில் நடந்தவை. ஒன்று நொதியை அடக்கியது, மற்றொன்று நொதியையே மருந்தாக்கியது.

பல் மருத்துவப் பள்ளியில் இருந்த லோர்ன் கோலப், நீரிழிவுள்ள எலிகளின் ஈறுகளில் கொலாஜனேஸ் மிகுவதைக் கவனித்தார். மினோசைக்ளின் என்ற கிருமிக்கொல்லி அதைக் குறைத்தது. கிருமி குறைந்ததால் நொதியும் குறைந்தது என்று சொல்லிவிடலாம். ஆனால் கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளிலும் அதே விளைவு கிடைத்தது. டெட்ராசைக்ளின் வகை மருந்துகள் நொதியை நேரடியாகவே தளர்த்துகின்றன என்று 1983-இல் அவருடைய குழு எழுதியது. கிருமியைக் கொல்ல முடியாத அளவுக்குக் குறைந்த டாக்சிசைக்ளின், 20 மில்லிகிராம், நாளைக்கு இரண்டு முறை. ஈறு நோய்க்கு அதை 1998-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஏற்றது. நொதியை அழிக்காமல், மிகையை மட்டும் குறைத்ததால் நோயாளிகளின் தோள்கள் வலிக்கவில்லை.

இரண்டாவது முயற்சியின் வேர் முதல் உலகப் போரில் இருக்கிறது. 1916-இல் வைன்பெர்க்கும் செகானும் போர்க்களக் காயங்களில் தசையைக் கரைக்கும் பாக்டீரியா ஒன்றைக் கண்டார்கள். பிறகு அதற்குக் கிளாஸ்டிரிடியம் ஹிஸ்டாலிட்டிக்கம் என்ற பெயர் வந்தது. வியன்னாவில் பிறந்து நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்த இனஸ் மாண்டில், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அதன் கொலாஜனேஸைப் பிரித்தெடுத்து 1953-இல் விவரித்தவர்களில் ஒருவர். அந்த நொதி சேர்த்த களிம்பு 1965 முதல் ஆறாத புண்ணிலும் தீக்காயத்திலும் செத்த திசுவை நீக்கப் பயன்படுகிறது. 1967-இல் செயின்ட் லூயிஸில் பால் லேசி எலியின் கணையத்தை இதே நொதியால் இளக்கி, இன்சுலின் சுரக்கும் தீவுச் செல்களைச் சேதமின்றிப் பிரித்தார். நீரிழிவுக்குத் தீவுச் செல் மாற்றும் சிகிச்சைக்கு அதுதான் அடிப்படை.

ஸ்டோனி புரூக்கில் மேரி படலமென்டேயும் லாரன்ஸ் ஹர்ஸ்ட்டும் அதை உள்ளங்கைக்குக் கொண்டுவந்தார்கள். டூபுய்ட்ரன் நோயில் உள்ளங்கைத் தோலின் அடியில் கொலாஜன் திரண்டு, தடித்த நாணாகி, விரலை உள்ளங்கையை நோக்கி மடக்கிவிடும். கைகுலுக்கவோ, சட்டைப் பையில் கைவிடவோ முடியாது. மருத்துவர் அந்த நாணுக்குள் 0.58 மில்லிகிராம் நொதியைச் செலுத்துகிறார். ஓரிரு நாளில் நோயாளி திரும்பி வருகிறார். உணர்ச்சி மரத்துப்போக ஊசி போட்டு, மடங்கிய விரலை மெல்லப் பின்னுக்கு நீட்டுகிறார் மருத்துவர். நாண் அறும் ஓசை கேட்கிறது, விரல் நிமிர்கிறது. இந்த நொதி முதல் வகை, மூன்றாம் வகைக் கொலாஜன்களையே பெரும்பாலும் வெட்டுகிறது. நரம்பையும் இரத்தக்குழாயையும் சூழ்ந்துள்ள நான்காம் வகையை அவ்வளவாகத் தொடுவதில்லை. ஊசி தசைநாணில் இறங்காமல் இருக்க வேண்டும் என்பதில்தான் மருத்துவரின் கைத்திறன் இருக்கிறது. 2010-இல் இதற்கு அனுமதி கிடைத்தது.

இரண்டு வெற்றிக்கும் காரணம் ஒன்றே. எந்த இடம், எந்த நாள், எவ்வளவு என்ற கேள்விகளுக்கு இரண்டிலும் விடை இருந்தது.

இந்தியாவுக்கு ஏன் முக்கியம்

இந்த நொதியின் பயணம் இன்று வந்து சேர்ந்திருக்கும் இடம் நமக்கு மிக அருகில் இருக்கிறது. உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியர். காசநோயில் நுரையீரல் குழிவது நோயாளிக்கும் அவரைச் சுற்றி இருப்பவர்களுக்கும் பெருங்கேடு. குழியில் கிருமிகள் பெருகி இருமலோடு வெளியேறிப் பிறருக்குத் தொற்றுகின்றன. அந்தக் குழியைக் கிருமி நேரடியாக அரிப்பதில்லை. கிருமிக்கு எதிராக எழும் நம் செல்கள் சுரக்கும் எம்.எம்.பி-1 அதில் பெரும்பங்கு வகிக்கிறது. 2011-இல் பால் எல்கிங்டனும் அவருடைய சகாக்களும், நோயாளிகளின் நுரையீரல் திரவத்தில் அது மிகுந்திருப்பதைக் காட்டினார்கள். எலியின் நுரையீரலில் அதற்கு ஈடான நொதி இல்லை. மனித எம்.எம்.பி-1-ஐச் சேர்த்து வளர்த்த எலிகளிலோ காசநோயின்போது கொலாஜன் சிதைந்தது.

இங்கேதான் கோலப்பின் பழைய மருந்து திரும்ப வருகிறது. சிங்கப்பூரில் காசநோயாளிகள் 30 பேரில் ஒரு பகுதியினருக்கு மட்டும் வழக்கமான மருந்தோடு டாக்சிசைக்ளின் 100 மில்லிகிராமை நாளைக்கு இரண்டு முறை, 14 நாட்கள் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். 2021-இல் வெளியான முடிவின்படி, திசுவைச் சிதைக்கும் நொதிகள் தணிந்தன, நுரையீரல் குழிகளின் அளவும் குறைந்தது. முப்பது பேரிடம் கண்டதை வைத்து உலகத்துக்கே மருந்து எழுதிவிட முடியாது. பெரிய சோதனை தேவை. அதுவரை நோயாளிகள் இதைத் தாமாக வாங்கிச் சாப்பிடுவது கூடாது.

ஆனால் அந்தப் பெரிய சோதனையை நடத்தும் பொறுப்பு இந்தியாவைப்போல நோயின் பாரத்தைச் சுமக்கும் நாடுகளுக்கே அதிகம். ஆறு மாத மருந்தில் கிருமி ஒழிந்துவிடுகிறது. குணமானவர் என்று எழுதி அனுப்பப்பட்ட பலருக்குக் குழிந்து தழும்பேறிய நுரையீரல் மிஞ்சுகிறது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. மூட்டை தூக்கியவர் மறுபடி மூட்டை தூக்க முடிவதில்லை. கிருமியைக் கொல்வதோடு சிகிச்சை முடிந்துவிட்டதாக நாம் கணக்கு வைத்ததால், இந்த மிச்சத் துன்பம் யாருடைய பதிவேட்டிலும் ஏறவில்லை.

நொதியை ஒட்டுமொத்தமாக ஒடுக்க முயன்று தோற்ற மருத்துவம், அது மிகும் உறுப்பையும் நாட்களையும் அறிந்து அளவோடு கட்டுப்படுத்தியபோது வென்றது. காசநோயில் உறுப்பு தெரியும், நொதியின் பெயர் தெரியும், விலை குறைந்த மருந்து கைவசம் உண்டு. உயிரோடு சேர்த்து நுரையீரலையும் காப்பாற்றித் தருவதுதான் குணமாக்குதல் என்று நாம் முடிவெடுத்தால், மீதி வேலையை நம் ஆய்வகங்களும் மருத்துவமனைகளும் செய்ய முடியும்.